மேசையில் நேர், மேட்டில் கோணல்: ரிமோட் பகியின் சக்கரக் கோணங்கள்

1:10 அளவு ஆஃப்ரோடு பகியின் (கரடுமுரடான தரையில் ஓடும் ரிமோட் கார்) டயர் விட்டம் சுமார் 85 மி.மீ. அது 1 டிகிரி திரும்பியிருந்தால், முன் விளிம்பு பின் விளிம்பிலிருந்து விலகுவது ஒன்றரை மி.மீ. மட்டுமே. கண்ணுக்குத் தட்டுப்படாது. ஆனால் நேர்ப்பாதையில் வண்டி நூல் பிடித்தாற்போல் போகிறதா, அலைகிறதா என்பதை அந்த ஒன்றரை மி.மீ.தான் முடிவு செய்கிறது.

கோணமானியை எடுக்கும் முன் ஒவ்வொரு சக்கரத்தையும் பிடித்து ஆட்டிப் பாருங்கள். பால் கப் (இணைப்புகளின் முனையில் ‘பால்’ எனும் உருண்டையைப் பிடிக்கும் கிண்ணம்) தேய்ந்தோ, கீல் கம்பி வளைந்தோ ஆட்டம் இருந்தால் எந்த அளவும் நிற்காது. ஓடும்போது அந்த ஆட்டம் எந்தப் பக்கம் சாயும் என்பதிலும் ஒரு கணக்கு உண்டு. பின்சக்கரம் மட்டும் உந்தும் வண்டியில் முன் டயர்களைத் தரை பின்னோக்கி இழுப்பதால் அவை டோ-அவுட் பக்கம் (முன் விளிம்புகள் வெளிநோக்கி) விரியும். நான்கு சக்கரமும் உந்தும் வண்டியில் ஆக்சிலரேட்டர் கொடுக்கும்போது முன் டயர்கள் டோ-இன் பக்கம் (முன் விளிம்புகள் உள்நோக்கி) குவியும்.

முதல் வேலை உயரம். சஸ்பென்ஷன் ஏறி இறங்கும்போது மற்றக் கோணங்களும் கூடவே மாறும் என்பதால் இதைக் கடைசிக்குத் தள்ளினால் எல்லாவற்றையும் திரும்பச் செய்ய வேண்டியதுதான். பேட்டரி, பாடி எல்லாவற்றையும் மாட்டி, வண்டியைத் தட்டையான கண்ணாடிப் பலகை மீது 15 செ.மீ. உயரத்திலிருந்து விடுங்கள். அடங்கி நிற்கும்போது பின் டிரைவ் ஷாஃப்டும் (சக்கரத்தைச் சுழற்றும் தண்டு) முன் கைகளும் (சக்கரத்தைத் தாங்கும் சஸ்பென்ஷன் கரங்கள்) பலகைக்கு இணையாக இருந்தால் தொடங்குவதற்குப் போதும். இடம் வலம் ஷாக் காலர்கள் (ஸ்பிரிங்கை அழுத்தும் திருகு வளையங்கள்) ஒரே அளவில் இருக்க வேண்டும்.

அடுத்து சர்வோ, அதாவது ஸ்டீரிங்கைத் திருப்பும் சிறு மோட்டார். ரிமோட்டில் டிரிம்மை (ஸ்டீரிங்கின் நடுநிலையை நகர்த்தும் அமைப்பு) பூஜ்யத்தில் வைத்து, சர்வோ கொம்பு (சர்வோ அச்சில் மாட்டும் சிறு நெம்புகோல்) நேராக நிற்கும்படி மாட்டி, இரு பக்க ஸ்டீரிங் கம்பிகளையும் காலிப்பரில் அளந்து சமமாக்குங்கள். கோணல் கொம்பை டிரிம்மால் சரிக்கட்டினால், வண்டி ஒரு பக்கம் சட்டென்றும் மறுபக்கம் சோம்பலாகவும் திரும்பும்.

இனி கேம்பர், அதாவது முன்னாலிருந்து பார்க்கும்போது சக்கரம் சாய்ந்திருக்கும் கோணம். டயரின் தலை உள்பக்கம் சாய்ந்தால் அது நெகட்டிவ். வளைவில் பாடி வெளிப்பக்கம் சரியும்போது வெளிச் சக்கரமும் தலை சாய்ந்து விளிம்பில் நிற்கப் பார்க்கும். முன்கூட்டியே 1 முதல் 2 டிகிரி உள்ளே சாய்த்து வைத்தால் முட்கள் முழு அகலத்துக்கும் மண்ணைக் கவ்வும். சக்கரத்தின் தலையைப் பிடிக்கும் மேல் இணைப்பு கீழ்க் கையைவிடக் குட்டை என்பதால் சஸ்பென்ஷன் அமுங்க அமுங்க இந்தச் சாய்வு கூடும். இணைப்பை இன்னும் குட்டையாக்கினால் இன்னும் வேகமாகக் கூடும். மேசையில் 1 டிகிரி காட்டும் சக்கரம் தாவிக் குதித்துத் தரையில் இறங்கும் நொடியில் அதே 1 டிகிரியில் இருப்பதில்லை.

மேல் இணைப்பாக இருக்கும் டர்ன்பக்கிளை (நீளத்தை மாற்றும் திருகு கம்பி) திருப்பும்போது கை அளவாகப் போகட்டும். 3 மி.மீ. கம்பியின் புரி இடைவெளி 0.5 மி.மீ. ஒரு முனை வலப்புரி, மறுமுனை இடப்புரி என்பதால் ஒரு முழுச் சுற்றுக்கு நீளம் 1 மி.மீ. மாறும். மேல் பாலுக்கும் கீழ்க் கீலுக்கும் உயர இடைவெளி 25 மி.மீ. என்றால் அந்த ஒரு சுற்று 2.3 டிகிரி. கால் சுற்று, கால் சுற்றாகத்தான் போக வேண்டும்.

டோ கடைசியில்தான். கேம்பரை மாற்றினால் முன்சக்கரத்தின் டோவும் தானாக மாறிவிடும்: சக்கரத்தின் தலை உள்ளே வருகிறது, ஸ்டீரிங் கம்பியின் நீளம் அப்படியே இருக்கிறது. கம்பி அச்சுக்குப் பின்னால் இருந்தால் அது சக்கரத்தின் பின்பகுதியை வெளியே தள்ளி டோ-இன் ஆக்கிவிடும். டோவை முதலில் வைத்துவிட்டு, பிறகு கேம்பரைத் தொட்டு, வண்டி ஏன் மாறிப்போனது என்று குழம்புவது மிகச் சாதாரணம்.

முன்னால் பூஜ்யத்திலிருந்து 1 டிகிரி டோ-அவுட் வரை வைக்கலாம். டோ-அவுட் கூடினால் வளைவில் முகம் சீக்கிரம் திரும்பும், நேர்ப்பாதையில் அலையும். பின்னால் பக்கத்துக்குச் சுமார் 3 டிகிரி டோ-இன். வேகத்தைக் கொஞ்சம் தின்றாலும், ஆக்சிலரேட்டரை அழுத்தும்போது வால் வீசாமல் காப்பது இதுதான். பல பகிகளில் இது கைகளைத் தாங்கும் பிடிமானத்திலேயே அமைந்திருக்கும், திருப்ப ஏதும் இருக்காது.

எல்லாம் சரியாக இருந்தும் மேடுபள்ளத்தில் மட்டும் வண்டி துள்ளித் திசை மாறுகிறதா? முன் ஷாக்குகளைக் கழற்றி, சக்கரத்தின் மீது நீளமான அளவுகோல் ஒன்றை ஒட்டி, கையை மெதுவாக மேலும் கீழும் அசைத்து மேலிருந்து பாருங்கள். அளவுகோலின் முனை உள்ளும் வெளியும் ஆடினால் அதுதான் பம்ப் ஸ்டீர். பின்பக்கக் கம்பி உள்ள வண்டியில் மேலே ஏறும்போது சக்கரம் வெளியே திரும்பினால், வெளிப் பாலுக்கு அடியிலுள்ள வாஷரில் 1 மி.மீ. குறையுங்கள். உள்ளே திரும்பினால் 1 மி.மீ. கூட்டுங்கள்.

ஒரு பக்கம் இழுக்கும் வண்டிக்கு உடனே டிரிம்மைத் தொடாதீர்கள். ஆக்சிலரேட்டரை விட்டு உருளவிட்டாலும் இழுத்தால் குறை முன்னால். அழுத்தும்போது மட்டும் இழுத்தால் பின் டோவையும் பின் ஷாக் காலர்களையும் இடம் வலமாக ஒப்பிடுங்கள். பெரும்பாலும் ஒரு காலர் தளர்ந்து இடம் மாறியிருக்கும்.