வாட்ஸ்அப் ஸ்க்ரீன்ஷாட் மட்டும் கோர்ட்ல போதுமா? பிரிவு 63 சர்டிபிகேட் பத்தி

"கடன் வாங்கினவரே மெசேஜ்ல ஒத்துக்கிட்டாரு, ஸ்க்ரீன்ஷாட் இருக்கு, போதும்ல?"னு கேக்குறவங்க ரொம்ப பேரு. பிரிண்ட் போட்டு அப்படியே கொடுத்தா போதாதுங்க, கூடவே அது எந்தக் கருவியில இருந்து எப்படி எடுத்ததுனு உறுதி சொல்ற ஒரு சர்டிபிகேட் வைக்கணும். முன்னாடி இது 65பி சர்டிபிகேட், 2024 ஜூலை 1ல இருந்து 1872ஆம் வருஷ சாட்சியச் சட்டம் போய் பாரதிய சாக்ஷிய அதிநியம் வந்துடுச்சு, அதுல இது பிரிவு 63. பழக்கத்துல இன்னும் 65பினு சொன்னாலும் குழம்பிக்காதீங்க.

புது சர்டிபிகேட்ல ரெண்டு பாகம் இருக்கு. ஏ பாகத்துல போனோ கம்ப்யூட்டரோ யார் பொறுப்புல இருக்கோ அவங்க கையெழுத்து, பி பாகத்துல எக்ஸ்பர்ட் கையெழுத்து. போன் மாடல், கலர், சீரியல் நம்பர், ஐஎம்இஐ (போனோட தனி அடையாள நம்பர்) வரைக்கும் எழுதணும், அப்புறம் ஹாஷ் வேல்யூ. இதுதான் முக்கியம். ஃபைலோட கைரேகை மாதிரி, எஸ்ஹெச்ஏ 256ங்கிற முறையில கணக்கு போட்டா எழுத்தும் எண்ணும் கலந்து 64 இடத்துல வரும், ஃபைல்ல ஒரே ஒரு கமா மாறினாலும் மொத்தமும் வேற மாதிரி ஆயிடும். போட்டோவை வாட்ஸ்அப்ல சாதாரணமா அனுப்பினா சைஸ் சுருங்கி அது வேற ஃபைலாவே ஆயிடுது, அதனால ஒரிஜினலை தயவுசெஞ்சு அழிக்காதீங்க, போனை ரீசெட்டும் பண்ணாதீங்க.

ஒரிஜினல் போனையே கோர்ட்ல ஒப்படைச்சு, சாட்சிக் கூண்டுல ஏறி இது என்னோடதுதான்னு சொன்னா சர்டிபிகேட் வேண்டாம்னு பழைய சட்டத்துக்குக் கீழ சுப்ரீம் கோர்ட் 2020ல அர்ஜுன் பண்டித்ராவ் கோட்கர் கேஸ்ல சொல்லியிருக்கு. அது மகாராஷ்டிரா எலெக்ஷன் கேஸ். தேர்தல் அதிகாரி ஆபீஸ் வீடியோவுக்கு சர்டிபிகேட் கேட்டு கேட்டுப் பாத்தும் கொடுக்கல, கேட்டவங்க தன்னால முடிஞ்சதெல்லாம் செஞ்சுட்டாங்கனு கோர்ட் அவங்களுக்கு விலக்கு கொடுத்துச்சு. அதனால சிசிடிவியோ கால் ரெக்கார்டோ வேற யார்கிட்டயாவது இருந்தா முதல்ல எழுத்துல கேளுங்க, காப்பி வச்சுக்கோங்க, மறுத்தா கோர்ட்ல மனு போட்டு உத்தரவு வாங்கலாம்.

ஒண்ணு புரிஞ்சுக்கணும், சர்டிபிகேட் இருந்தா ஆதாரத்தை கோர்ட் எடுத்துக்கும், ஆனா அதை நம்புறதா வேண்டாமானு அப்புறம் தனியா பாக்கும்.

சிசிடிவி விஷயத்துல மட்டும் ஒரு நாள் கூட தள்ளிப்போடாதீங்க, கேமரா பதிவைச் சேமிக்கிற டிவிஆர் பெட்டில இடம் நிறைஞ்சா பழைய பதிவு மேலயே புதுசு தானா ஏறிடும், சம்பவம் நடந்த அன்னைக்கே தேதி, நேரம், எந்த கேமரானு குறிச்சு பதிவை எடுத்து வைக்கச் சொல்லி லெட்டர் கொடுத்துடுங்க.