கிளட்சிலிருந்து காலை உருவினால் பின்னால் என்ன ஆகிறது?

இன்ஜினின் விசையைப் பின் சக்கரங்கள் இரண்டுக்கும் பிரித்துக் கொடுக்கும் பற்சக்கரத் தொகுதிதான் டிஃபரன்ஷியல், சுருக்கமாக டிஃப். உடைந்த ஒன்றை நான் முதன்முதலில் திறந்து பார்த்தபோது, மூடியைக் கழற்றுவதற்கு முன்பே கதை தெரிந்துவிட்டது. எண்ணெயை வடிக்கும் திருகான டிரெயின் பிளக்கின் நுனியில் இருந்த காந்தத்தில் சேறு மாதிரி இரும்புத் துகள், அதற்கு நடுவே நகம் அளவுக்கு ஒரு பல் துண்டு. உள்ளே கிரவுன் வீல் என்ற பெரிய பற்சக்கரத்தில் அடுத்தடுத்து மூன்று பற்களைக் காணோம். விளக்கு வைத்துப் பார்த்தால் இரண்டு பற்கள் முறிந்த இடம் பளபளவென்று புதிதாக இருந்தது, மூன்றாவதில் மட்டும் பாதிப் பரப்பு கருத்து வழவழப்பாகக் கிடந்தது. அந்தப் பல் அன்றைக்கு உடைந்ததில்லை. எப்போதோ ஒரு நாள் விரிசல் விட்டு, ஒவ்வொரு ஓட்டத்திலும் கொஞ்சம் கொஞ்சமாக அது வளர்ந்து, கடைசியில் கழன்று விழும்போது பக்கத்துப் பற்களையும் சேர்த்து இழுத்துக்கொண்டு போயிருக்கிறது. "மெதுவாத்தாங்க போனேன், திடீர்னு டமார்னு சத்தம்" என்று வண்டிக்காரர் சொன்னது பொய்யில்லை.

பின்சக்கர இயக்க ஸ்போர்ட்ஸ் கார் வைத்திருப்பவர்கள் எல்லாரும் கேட்பது, இந்த டிஃப் எத்தனை குதிரைத்திறன் தாங்கும் என்றுதான். கேள்வியே கொஞ்சம் கோணல். குதிரைத்திறன் எவ்வளவு என்று பல்லுக்குத் தெரியாது. தன் மேல் எவ்வளவு விசை விழுகிறது, அது எவ்வளவு சட்டென்று விழுகிறது, இந்த இரண்டுதான் அதற்குத் தெரியும்.

உள்ளே நடப்பது இதுதான். இன்ஜினிலிருந்து நீளவாக்கில் வரும் ஷாஃப்டின் முனையில் பினியன் என்ற சின்னப் பற்சக்கரம், அது அந்தப் பெரிய கிரவுன் வீலைச் சுற்றுகிறது. சுழற்சி 90 டிகிரி திரும்புகிறது, வேகம் குறைகிறது, முறுக்குவிசை கூடுகிறது. இன்றைய கார்களில் பெரும்பாலும் பினியன் கிரவுன் வீலின் மையக் கோட்டுக்குக் கீழே இறங்கி உட்கார்ந்திருக்கும். ஹைப்பாய்ட் என்று பெயர், பேக்கார்ட் 1926-ல் கார்களுக்குக் கொண்டுவந்தது. பினியன் பெரிதாக இருக்கலாம், ஒரே நேரத்தில் அதிகப் பற்கள் கடிக்கும், சத்தமும் குறைவு. ஆனால் பற்கள் உருள்வதோடு நிற்காமல் ஒன்றின்மேல் ஒன்று தேய்ந்து வழுக்கும். டிஃப் ஆயிலில் வரும் அந்தக் கந்தக நாற்றத்துக்குக் காரணம் இதுதான், அந்தச் சேர்மானம் இல்லாவிட்டால் அழுத்தத்தில் எண்ணெய்ப் படலம் கிழிந்து உலோகம் உலோகத்தோடு ஒட்டிக்கொள்ளும்.

பினியன் தள்ளும்போது கிரவுன் வீல் சுற்றுவது மட்டுமில்லாமல், பினியனை விட்டு விலகி ஓடவும் பார்க்கும். இரண்டும் ஒன்றையொன்று நெட்டித் தள்ளும், வெளிக்கூடான ஹவுசிங் மிக லேசாக விரியும், பேரிங்குகள் கொஞ்சம் விட்டுக்கொடுக்கும். மெக்கானிக் மஞ்சள் பேஸ்ட் தடவி, பல்லின் நடுவில்தான் தடம் விழுகிறதா என்று பார்த்துப் பார்த்துப் பொருத்தியிருப்பார், ஆனால் பாரம் ஏறும்போது அந்தத் தடம் பல்லின் ஓரத்துக்கு நகர்ந்துவிடும். முழுப் பல்லும் தாங்க வேண்டியதை ஓரம் மட்டும் தாங்கினால் என்ன ஆகும்? அதனால்தான் பற்களைவிட, அவற்றை நகராமல் பிடித்து வைத்திருக்கும் ஹவுசிங்கும் பேரிங்கும் எனக்கு முக்கியமாகப் படுகின்றன. ஃபோர்டின் 9 அங்குல டிஃபைப் பந்தயக்காரர்கள் இன்னும் கொண்டாடுவதற்கு ஒரு பெரிய காரணம், அதில் பினியனின் மறு முனையையும் தாங்கிப் பிடிக்க மூன்றாவதாக ஒரு பேரிங் இருப்பது.

அளவும் முக்கியம்தான். ஒரே வடிவத்தில் பெரிதாக்கினால், பல் தாங்கும் முறுக்குவிசை கிரவுன் வீல் விட்டத்தின் மூன்றாம் அடுக்கில் ஏறும். மாஸ்டா எம்எக்ஸ்-5-ன் முதல் தலைமுறையில் 1.6 லிட்டர் காருக்கு 6 அங்குல டிஃப், பின்னால் வந்த 1.8 லிட்டருக்கு 7 அங்குலம். வித்தியாசம் ஒரு அங்குலம்தான், ஆனால் கணக்குப்படி தாங்குதிறன் ஏறக்குறைய ஒன்றரை மடங்கு. அப்புறம் பலர் கவனிக்காத ஒன்று: அதே அளவு கிரவுன் வீலை வைத்துக்கொண்டு 3.7 விகிதத்தை (கிரவுன் வீல் ஒரு சுற்று சுற்ற பினியன் 3.7 சுற்று) எடுத்துவிட்டு 4.3 போட்டால் வண்டி துள்ளும், சரி, ஆனால் பினியன் சின்னதாகி, பற்களும் குறைந்து, பலம் போய்விடும்.

இப்போது கொஞ்சம் கணக்கு. 1500 கிலோ கார், எடை முன்னும் பின்னும் சரிபாதி, இன்ஜினின் முறுக்குவிசை 400 நியூட்டன் மீட்டர், முதல் கியர் 3.6, டிஃப் 3.7 என்று வைத்துக்கொள்வோம். இவற்றைப் பெருக்கினால் கிரவுன் வீலில் சுமார் 5300 நியூட்டன் மீட்டர். சாதாரண நல்ல டயர் இதை ஏற்காது. புறப்படும்போது எடை பின்னால் சாய்ந்து, பின் சக்கரங்களின் மேல் 930 கிலோ அளவு விழும், உராய்வுக் குணகம் 1, டயரின் ஆரம் 0.32 மீட்டர் என்றால் டயர் தாங்குவது சுமார் 2900 நியூட்டன் மீட்டர்தான். அதற்கு மேல் போனால் டயர் வழுக்கிவிடும். டயர்தான் இங்கே ஃபியூஸ். வழுக்கி வழுக்கியே டிஃபைக் காப்பாற்றிக்கொண்டிருக்கிறது.

அதே காருக்கு நேர்கோட்டில் ஓடும் டிராக் (drag) பந்தயத்துக்கான ஒட்டும் டயரைப் போடுங்கள், குணகம் 1.6 என்று எடுத்துக்கொள்ளலாம். பிடிப்பு கூடக்கூட எடையும் இன்னும் பின்னால் சாயும், அதனால் பின் சக்கரங்களின் மேல் 1080 கிலோ, டயர் தாங்குவது சுமார் 5400. இன்ஜினின் முழு இழுவையிலும் டயர் வழுக்காது. இன்ஜினில் ஒரு ஸ்குரூவைக்கூடத் தொடவில்லை, டிஃபின் மேல் விழும் பாரம் மட்டும் ஏறக்குறைய இரண்டு மடங்கு. இன்ஜின் பலத்தைக் கூட்டிய ஆண்டு முழுக்க ஒன்றும் ஆகாமல், டயர் மாற்றிய வாரத்தில் டிஃப் போவது இப்படித்தான்.

இதுவரை சொன்னது சீராக வரும் விசை. கிளட்ச் மிதியிலிருந்து காலைப் பக்கவாட்டில் உருவி எடுப்பது வேறு கதை. 5000 ஆர்பிஎம்மில் (நிமிடத்துக்கு 5000 சுற்று) சுற்றும் கிராங்கும் (இன்ஜினின் முக்கியத் தண்டு) ஃபிளைவீலும் (அதன் முனையில் உள்ள கனமான சக்கரம்) சேர்ந்து சுமார் 27,000 ஜூல் ஆற்றலை வைத்திருக்கும் (சுழல் நிலைமம் 0.2 கிலோகிராம் மீட்டர்² என்று எடுத்தால்). இந்த 1500 கிலோ கார் மணிக்கு 21, 22 கிலோமீட்டரில் ஓடும்போது அதனிடம் இருக்கும் ஆற்றல் இவ்வளவுதான். கிளட்ச் சட்டென்று கடித்தால் இது மொத்தமும் கண்ணிமைக்கும் நேரத்தில் பின்னால் பாயும். அப்போது எல்லையை வைப்பது இன்ஜின் இல்லை, கிளட்ச். இன்ஜினைப் போல ஒன்றரை மடங்கு பிடிக்கும் கிளட்ச் என்றால் 600, அதைக் கியர்களால் பெருக்கினால் 8000. டயர் வழுக்கினாலும் இதிலிருந்து முழுசாகத் தப்ப முடியாது, ஏனென்றால் நின்றுகொண்டிருக்கும் கனமான சக்கரங்களைச் சடாரென்று சுழலவைக்கும் விசையும் அதே பற்கள் வழியாகத்தானே போக வேண்டும். "ஸ்ட்ராங் கிளட்ச் போட்டேன், அப்புறம் டிஃப் போச்சு" என்று யாராவது புலம்பினால் ஆச்சரியப்பட ஒன்றுமில்லை. பழைய கிளட்ச் என்ற ஃபியூஸை எடுத்துவிட்டுத் தடித்த கம்பியைச் சொருகியிருக்கிறார்.

இதோடு பற்களுக்கு இடையிலான இடைவெளி வேறு. கிரவுனுக்கும் பினியனுக்கும் நடுவே 0.15 முதல் 0.25 மில்லிமீட்டர் வரை விடுவார்கள், எண்ணெய்க்கும் வெப்ப விரிவுக்கும் அது தேவை. கியர்பாக்ஸ், ஸ்பிளைன் (ஷாஃப்டைக் கோக்கும் பல்வரி), ஜாயின்ட் எல்லாவற்றிலும் உள்ள ஆட்டத்தைச் சேர்த்தால் ஷாஃப்டைக் கையால் திருப்பும்போதே "டக்" என்று கேட்கும். கிளட்சை உதறும்போது பினியன் அந்த வெற்றிடத்தில் வேகமெடுத்து ஓடிவந்து பல்லில் மோதுகிறது. சுவரில் சாய்ந்து தள்ளுவதற்கும் ஓடிவந்து தோளால் இடிப்பதற்கும் உள்ள வித்தியாசம்.

எல்லாவற்றிலும் மோசமானது சக்கரம் குதிப்பது. டயரின் பக்கச் சுவர் முறுக்கேறி, சஸ்பென்ஷனின் ரப்பர் புஷ்கள் நசுங்கி, பிடி விட்டதும் எல்லாம் ஒன்றாகத் திமிறும், மறுபடி பிடிக்கும், மறுபடி விடும், நொடிக்குப் பத்துத் தடவை அளவில். ஒவ்வொரு முறை பிடிக்கும்போதும் பல்லில் ஒரு சுத்தியல் அடி. முதல் தலைமுறை காடிலாக் சிடிஎஸ்-வி இதற்குப் பேர்போனது, டிஃப் உடைந்த கதைகள் ஏராளம். 2009 மாடலில் டிஃபிலிருந்து சக்கரங்களுக்குப் போகும் இடது, வலது ஆக்ஸில் ஷாஃப்டுகளை வெவ்வேறு தடிமனில் போட்டார்கள். ஒன்று மெல்லியது, ஒன்று தடித்தது என்றால் இரண்டும் ஒரே தாளத்தில் முறுக்கேறி அவிழாது, ஒன்றின் ஆட்டத்தை மற்றொன்று கெடுக்கும். எவ்வளவு எளிய தந்திரம்! எனக்கு மிகவும் பிடித்த பொறியியல் வேலைகளில் இது ஒன்று.

சரி, எப்படித்தான் கிளம்புவது? பந்தயத் தடத்தில் என்றே வைத்துக்கொள்வோம். முதலில் ஸ்டியரிங் நேராக. ஹேண்ட்பிரேக் பிடித்திருக்கும்போதே கிளட்ச் லேசாகக் கடிக்கும் இடம் வரை விடுங்கள், வண்டியின் பின்புறம் கொஞ்சம் அமுங்குவது தெரியும். இடைவெளி எல்லாம் மூடி, பல்லோடு பல் சாய்ந்து நிற்கிறது என்று அர்த்தம். இனி ஓடிவந்து மோத இடமில்லை. அங்கேயே பிடித்துக்கொண்டிருக்க வேண்டாம், அடுத்த கணமே ஹேண்ட்பிரேக்கை விட்டு, ஆக்சிலரேட்டரை ஏற்றிக்கொண்டே கிளட்சை ஒன்று, ஒன்றரை நொடியில் வழுக்கவிட்டு முழுதாக விடுங்கள். எத்தனை ஆர்பிஎம் என்று ஒரே எண்ணாகச் சொல்ல முடியாது. குறைந்த ஆர்பிஎம்மிலேயே நல்ல முறுக்குவிசை இருக்கும் பெரிய இன்ஜினுக்குக் கொஞ்சம் போதும், 9000 வரை சுற்றும் முதல் ஹோண்டா எஸ்2000 மாதிரி கீழே முறுக்குவிசை குறைந்த காருக்கு அதிகம் வேண்டும். டயர் பத்து, பதினைந்து சதவீதம் வழுக்கும்போதுதான் பிடிப்பு உச்சத்தில் இருக்கும், புகை கிளம்பினால் அதைத் தாண்டிப் போய்விட்டீர்கள்.

பின்னால் தடதடவென்று குதித்தால் உடனே ஆக்சிலரேட்டரை விட்டுவிடுங்கள். மிதித்தால் சரியாகிவிடும் என்று நினைக்கும் அந்த இரண்டு நொடியில்தான் டிஃப் போகும். ஈரத்தில் சக்கரத்தைச் சுழலவிட்டு அப்படியே காய்ந்த தரைக்கு வருவதும் கிளட்சை உதறுவதற்குச் சமம்.

கிளட்ச் தேயாதா என்றால், தேயும். அந்த ஆற்றல் எங்காவது போய்த்தானே ஆக வேண்டும், தட்டில் சூடாகப் போகிறது. பல ஓட்டுநர்கள் திட்டித் தீர்க்கும் ஒரு சமாசாரம் பிஎம்டபிள்யூ மேனுவல் கார்களில் உண்டு: கிளட்ச் குழாயில் ஒரு சின்னத் துளை வால்வு, காலை எவ்வளவு வேகமாக எடுத்தாலும் கிளட்ச் நிதானமாகவே கடிக்கும். கியர் மாற்றும்போது எரிச்சலாகத்தான் இருக்கும், கழற்றி எறிகிறவர்கள் நிறையப் பேர். அது யாரைக் காப்பாற்ற அங்கே உட்கார்ந்திருந்தது என்பது டிஃபைத் திறந்தால் தெரியும்.