ஸ்டாக் கார், ஓவல்: சொல் விளக்கமும் ஒரு கால் மைல் தடமும்

கார் பந்தயத்தில் வரும் ‘ஸ்டாக் கார்’ என்பதைப் ‘பங்குக் கார்’ என்றோ ‘கையிருப்புக் கார்’ என்றோ தமிழில் எழுதுவது பிழை. ஸ்டாக் என்ற ஆங்கிலச் சொல்லின் பழைய பொருள் மரத்தின் அடிக்கட்டை. அதிலிருந்து ஆதாரம், வணிக முதல், கடையில் விற்க வைத்திருக்கும் சரக்கு என்று பொருள் விரிந்தது. தமிழில் ‘முதல்’ என்ற சொல்லும் அடிப்பகுதியையும் வணிகரின் மூலதனத்தையும் ஒருசேரக் குறிப்பது இங்கே நினைக்கத் தக்கது. பந்தயத்துக்கு வந்த பொருள் சரக்கு வழியாக வந்தது. விற்பனையாளரிடம் கிடைக்கும் கார், ஆலையிலிருந்து வந்தபடியே எதையும் மாற்றாமல் ஓட்டப்படும் கார், அதுதான் ஸ்டாக் கார்.

இந்தப் பொருளுக்கு விதியின் வலிமை கிடைத்தது 1949இல். அமெரிக்காவில் கார் பந்தயங்களை நடத்தும் நாஸ்கார் அமைப்பு அந்த ஆண்டு ஜூன் 19 அன்று வட கரோலைனாவின் சார்லட் நகரில், முக்கால் மைல் மண் தடத்தில், ‘ஸ்டிரிக்ட்லி ஸ்டாக்’ வகுப்பின் முதல் பந்தயத்தை நடத்தியது. ‘கண்டிப்பாக ஆலை வடிவில்’ என்பது அந்தப் பெயரின் பொருள். ஒரு மாற்றத்துக்கு மட்டும் இடம் தந்தார்கள்: வலது முன்சக்கரத்தில் இரும்புத் தகடு வைத்து வலுவூட்டலாம். இத்தகைய வளையத் தடத்தில் கார் எப்போதும் இடப்பக்கமே திரும்புவதால் பாரத்தின் பெரும்பகுதி வலது முன்சக்கரத்தில் இறங்கும். சாதாரணச் சக்கரத்தில் நட்டுகள் தகட்டைக் கிழித்துக்கொண்டு வெளிவந்து சக்கரமே கழன்றுவிடும்.

அந்த முதல் பந்தயத்தில் முதலில் வந்தவர் கிளென் டனவே. ஆனால் சோதனையில் அவர் ஓட்டிய 1947 ஃபோர்டு காரின் பின்பக்க ஸ்பிரிங்குகள் மாற்றப்பட்டிருந்தது தெரிந்தது. கள்ளச்சாராயம் கடத்துவோர், பாரம் ஏற்றிய கார் வளைவில் உலையாதிருக்கத் தம் வண்டிகளில் செய்துவந்த மாற்றம் அது. வெற்றி பறிக்கப்பட்டு, லிங்கன் கார் ஓட்டிய ஜிம் ரோப்பருக்குத் தரப்பட்டது. காரின் உரிமையாளர் வழக்குத் தொடர்ந்தார்; வழக்கு தள்ளுபடியானது. ஸ்டாக் என்ற சொல்லுக்கு என்ன பொருள் என்பதை அன்றே சோதனைக் கொட்டகை தீர்மானித்தது என்று தயங்காமல் சொல்லலாம்.

இனி ஓவல். லத்தீனில் ‘ஓவம்’ என்றால் முட்டை. ஆனால் பந்தயத் தடங்கள் பெரும்பாலும் முட்டை வடிவில் இருப்பதில்லை. பள்ளிக் கணக்கில் வரும் நீள்வட்டமாகவும் இருப்பதில்லை. நீள்வட்டத்தில் நேர்கோடே கிடையாது. இரண்டு நேர்ப்பாதைகளையும் இரண்டு வளைவுகளையும் இணைத்ததே வழக்கமான ஓவல்.

இதற்குத் தெளிவான சான்று வட கரோலைனாவின் வின்ஸ்டன்-சேலம் நகரிலுள்ள போமன் கிரே ஸ்டேடியம். பொருளாதார மந்தக் காலத்தில் அரசின் வேலைவாய்ப்புத் திட்டத்தின்கீழ் கட்டப்பட்டு 1938இல் திறக்கப்பட்டது. ரெய்னால்ட்ஸ் புகையிலை நிறுவனத்தின் தலைவராக இருந்தவரின் பெயரைத் தாங்குகிறது. அமெரிக்கக் கால்பந்து மைதானத்தைச் சுற்றிக் கால் மைல் தார்த் தடம். நம் பள்ளி விளையாட்டு விழாவின் 400 மீட்டர் ஓடுதளம் எவ்வளவோ அவ்வளவுதான் ஒரு சுற்று. நாஸ்காரை நிறுவிய பில் ஃபிரான்ஸும் ஆல்வின் ஹாக்கின்ஸும் 1949 மே மாதம் இங்கே வாராந்திரப் பந்தயங்களைத் தொடங்கினார்கள். சார்லட் பந்தயத்துக்கு ஒரு மாதம் முன்பே. நாஸ்காரின் வாராந்திரத் தடங்களில் மிக நீண்டகாலம் இயங்கிவருவது இதுதான். கோடைச் சனிக்கிழமை இரவுகளில் இன்றும் ஓடுகிறார்கள். பந்தய வீரர் ரிச்சர்ட் பெட்டி நாஸ்காரின் உச்ச வகுப்பில் தம் 100ஆவது வெற்றியை 1969இல் இங்கேதான் பெற்றார்.

அலபாமா மாநிலத்தின் டல்லடேகா போன்ற பெருந்தடங்களில் வளைவின் வெளிவிளிம்பை 33 பாகை வரை உயர்த்தியிருப்பார்கள். இது ‘பேங்கிங்’. போமன் கிரே தட்டையானது. வளைவில் காரைப் பிடித்து நிறுத்த டயரின் உராய்வைத் தவிர வேறு துணையில்லை. அதனால் காரைத் தயார்செய்வதில் ‘ஸ்டேகர்’ முதன்மையாகிறது: வலது பின்டயரின் சுற்றளவு இடதைவிட எவ்வளவு கூடுதல் என்ற அளவு.

சாலையில் ஓடும் காரில், இரு சக்கரங்களும் வெவ்வேறு வேகத்தில் சுழல இடம் தரும் டிஃபரன்ஷியல் என்ற பல்லிணைப்பு இருப்பதால் வளைவில் வெளிச்சக்கரம் வேகமாகச் சுழலும். ஓவல் பந்தயக் கார்கள் பலவற்றில் பின் அச்சு பூட்டப்பட்டிருக்கும். இரு சக்கரமும் ஒரே வேகத்தில் சுழன்றாக வேண்டும். வளைவின் ஆரம் 30 மீட்டர், பின்சக்கரங்களின் இடைவெளி 1.5 மீட்டர் என்று வைத்துக்கொள்வோம். வெளிச்சக்கரத்தின் பாதை 30.75 மீட்டர் ஆரம், உட்சக்கரத்துக்கு 29.25. வேறுபாடு ஏறத்தாழ 5 விழுக்காடு. இடது டயரின் சுற்றளவு 210 செ.மீ. என்றால் வலது டயர் சுமார் 11 செ.மீ. கூடுதலாக இருக்க வேண்டும் என்று கணக்கு சொல்லும். நேர்ப்பாதையும் உண்டு என்பதால் நடைமுறையில் இதைவிடக் குறைத்தே வைப்பார்கள்.

ஸ்டேகர் குறைந்தால் கார் திரும்ப மறுத்து மூக்கு வெளிப்பக்கம் நழுவும். இதை ‘புஷ்’ என்பார்கள். கூடினால் வளைவிலிருந்து வெளியேறி ஆக்ஸிலரேட்டரை மிதிக்கும்போது பின்பக்கம் வழுக்கும், இது ‘லூஸ்’. டயரின் காற்றழுத்தத்தைச் சரிசெய்த பிறகே, ஓடுபரப்பின் நடுவில் டேப்பைச் சுற்றி அளக்க வேண்டும். ஓட ஓட வலது டயர்தான் அதிகம் சூடாகும். உள்ளே அழுத்தம் ஏறி விரியும். தொடக்கத்தில் சரியாக இருந்த கார் பாதிப் பந்தயத்தில் லூஸாவதற்கு இது ஒரு காரணம்.

போமன் கிரேயின் முதன்மை வகுப்பு ‘மாடிஃபைட்’, அதாவது மாற்றியமைத்தவை. ஸ்டாக் என்பதற்கு நேரெதிர்ச் சொல். கீழ்வகுப்புகளின் பெயர்களில்தான் ‘ஸ்ட்ரீட் ஸ்டாக்’, ‘ஸ்டேடியம் ஸ்டாக்’ என்று பழைய சொல் தங்கியிருக்கிறது. நாஸ்காரின் உச்ச வகுப்பில் 1969இல்கூட, டாட்ஜ் சார்ஜர் டேடோனா என்ற கார் மாடலைக் களமிறக்க 500 கார்களைப் பொதுமக்களுக்கென உற்பத்தி செய்ய வேண்டியிருந்தது. இன்றோ குழாய்ச் சட்டகத்தின் மேல் ஆலைக் காரின் சாயல் மட்டுமே மிச்சம்.

எந்தக் கார் எந்த வகுப்பு என்பது வெறும் பெயர் விவகாரமல்ல. 1971 ஆகஸ்டில் போமன் கிரேயில் உச்ச வகுப்புக் கார்களோடு சிறிய ‘கிராண்ட் அமெரிக்கன்’ வகுப்பும் சேர்ந்து ஓடியது. பந்தய வீரர் பாபி ஆலிசன் சிறிய வகுப்பைச் சேர்ந்த ஒரு மஸ்டாங் காரில் முதலில் வந்தார். கார் வேறு வகுப்பு என்பதால் அவர் வெற்றி உச்ச வகுப்புக் கணக்கில் ஏறவில்லை; இரண்டாவதாக வந்த பெட்டிக்கும் தரவில்லை. 2024 அக்டோபரில்தான் நாஸ்கார் அதை ஆலிசனின் 85ஆவது வெற்றியாக ஏற்றது. அடுத்த மாதம் அவர் காலமானார். உச்ச வகுப்புக் கார்கள் 2025 பிப்ரவரியில் ‘கிளாஷ்’ காட்சிப் பந்தயத்துக்காக அந்தத் தடத்துக்குத் திரும்பின; சேஸ் எலியட் வென்றார்.

‘ஸ்பீட்வே’ என்பது அமெரிக்காவில் பெரும்பாலும் ஓவலைக் குறிக்கும். பிரிட்டனில் அது பிரேக் இல்லாத மோட்டார் சைக்கிள்களின் மண் தடப் பந்தயம். கோயம்புத்தூரின் காரி மோட்டார் ஸ்பீட்வே இரண்டுமல்ல; இருபுறமும் வளையும் சாலைவகைத் தடம்.

தமிழில் எப்படி எழுதலாம்? 1949இன் பொருளில் வரும்போது ‘ஆலைவடிவக் கார்’ பொருந்தும். இன்றைய வகுப்பைக் குறிக்க ‘ஸ்டாக் கார்’ என்றே விடுவது நேர்மை. மொழிபெயர்த்தால் காரில் இல்லாத தன்மையைச் சொன்னதாகிவிடும். ஓவலுக்கு ‘நீள்வட்டத் தடம்’ வழக்கில் புரியும் என்றாலும் ‘நீள்வளையத் தடம்’ வடிவத்துக்கு நெருக்கமானது. பேங்கிங்குக்கு ‘வளைவுச் சரிவு’, ஸ்டேகருக்கு ‘டயர்ச் சுற்றளவு வேறுபாடு’. “போமன் கிரே, வளைவுச் சரிவில்லாத கால் மைல் நீள்வளையத் தடம்” என்று எழுதினால் தமிழ் மட்டும் படிப்பவருக்கும் தடம் கண்முன் வரும்.