முதுகெலும்பில் சீழ்: நுண்துளையா, திறந்த அறுவையா?

எம்.ஆர்.ஐ. ரிப்போர்ட்டில் முதுகெலும்புக் காசநோய் என்று பார்த்ததுமே குடும்பத்தார் கேட்பது, “சின்னத் துளை போட்டு முடிச்சிடலாமா டாக்டர்?” என்பதுதான். கேட்பதில் தப்பில்லை. ஆனால் அறுவை தேவையா, கிருமி எது என்ற இரண்டுக்கும் விடை தெரிந்த பிறகு பேச வேண்டியது அது.

அறுவை பலருக்குத் தேவையே இல்லை. இதை நிறுவிய ஆய்வுகளில் முக்கியமான ஒன்று சென்னையில் நடந்தது. சேத்துப்பட்டிலுள்ள, அப்போது காசநோய் ஆராய்ச்சி மையம் எனப்பட்ட நிறுவனம், நடமாட முடிந்த நோயாளிகளில் ஒரு பிரிவினருக்கு அறுவையும் மருந்தும், மற்றவர்களுக்கு மருந்து மட்டும் கொடுத்துப் பத்தாண்டுகள் கவனித்தது. 1999இல் வந்த அந்த அறிக்கையின்படி, மருந்து மட்டும் எடுத்தவர்கள் ஒன்றும் பின்தங்கிவிடவில்லை.

அடுத்தது கிருமி. எல்லாச் சீழும் காசநோய் அல்ல. ஸ்டாஃபிலோகாக்கஸ் போன்ற பாக்டீரியா என்றால் ஆறு வார ஆன்டிபயாட்டிக் பெரும்பாலும் போதும்; காசநோய் என்றால் குறைந்தது ஒரு வருட மாத்திரை. அதனால் சி.டி. பார்த்தபடி ஊசி விட்டுத் துளி திசு எடுக்கிறோம். அதை முழுவதும் ஃபார்மலினில் (திசு கெடாமல் வைக்கும், ஆனால் கிருமியைக் கொன்றுவிடும் திரவம்) போட்டு லேபுக்கு அனுப்பிவிட்டால் கல்ச்சரில், அதாவது கிருமியை வளர்த்துப் பார்க்கும் சோதனையில், எதுவும் வளராது. ஒரு பாட்டிலில் ஃபார்மலின், இன்னொன்றில் வெறும் சலைன் என்று இரண்டாகப் பிரித்து அனுப்ப வேண்டும். கால் நன்றாக இயங்கி, காய்ச்சலும் ரத்த அழுத்தமும் கட்டுக்குள் இருந்தால், திசு எடுக்கும்வரை ஆன்டிபயாட்டிக்கைத் தள்ளிப்போடுவதும் இதற்காகத்தான்.

சரி, அறுவை யாருக்கு? கால் பலம் குறைகிறவருக்கு, எலும்பு கரைந்து முதுகு ஆட்டம் கண்டவருக்கு, கூன் விழுகிறவருக்கு, மருந்துக்கு அடங்காதவருக்கு.

திறந்த அறுவையில் நடு முதுகில் நீளமாக வெட்டி, எலும்போடு ஒட்டிய தசையை இருபுறமும் உரித்து, மணிக்கணக்கில் விலக்கிப் பிடித்திருப்போம். ரத்த இழப்பிலும் பிந்தைய வலியிலும் பெரும்பங்கு அந்த உரிப்பால் வருவது. நுண்துளை முறையில் அறுவை மேசையிலேயே படம் காட்டும் சி-ஆர்ம் எக்ஸ்ரேயைப் பார்த்துக்கொண்டே, ஒவ்வொரு ஸ்க்ரூவுக்கும் சுமார் இரண்டு சென்டிமீட்டர் வெட்டு. முதலில் மெல்லிய கம்பியை எலும்புக்குள் விட்டு, அதன் மேலேயே ஸ்க்ரூவை இறக்குவோம். ஸ்க்ரூக்களை இணைத்து முதுகை ஆடாமல் பிடிக்கும் உலோகத் தண்டைத் தசைக்குள்ளேயே நுழைத்து மாட்டிவிடலாம். சர்க்கரை கட்டுப்படாதவர், டயாலிசிஸில் இருப்பவர், வயதானவர் ஆகியோருக்கு இது பெரிய வரம். இடுப்புத் தசையில் தேங்கிய சீழுக்கு ஸ்கேன் பார்த்து ஒரு குழாய் வைத்தாலே பல சமயம் வடிந்துவிடும். (சீழ் இருக்கிற இடத்தில் ஸ்க்ரூ வைக்கலாமா என்று பயப்படுவார்கள். கெட்ட திசுவைச் சுத்தம் செய்து மருந்தும் கொடுத்தால் வைக்கலாம். காசநோய்க் கிருமி உலோகத்தின் மேல் படலம் கட்டுவது குறைவு.)

துளை வழியே சீழை உறிஞ்சலாம். தண்டுவடத்தை நெருக்கும் கெட்டியான திசுவையும் செத்த எலும்புத் துண்டையும் முழுதாக எடுப்பது வேறு வேலை. இரண்டு மூன்று எலும்புகள் கரைந்து பள்ளம் விழுந்திருந்தால், அங்கே எலும்புத் துண்டோ, கேஜ் எனும் கூண்டு போன்ற தாங்கியோ வைத்து நிரப்பியாக வேண்டும். கூனை நிமிர்த்தவும் இடம் வேண்டும். இவற்றுக்கு நான் திறந்துதான் செய்வேன். கால் விழுந்துகொண்டிருக்கும் ஒருவரிடம் தழும்பின் நீளத்தைப் பேசிக்கொண்டிருக்க எனக்கு மனம் வருவதில்லை. பல சமயம் இரண்டையும் கலந்து செய்கிறோம்: நெருக்கும் இடத்தில் மட்டும் திறப்பு, மேலும் கீழும் துளை வழியே ஸ்க்ரூ.

குழந்தைகள் கணக்கு தனி. நோய் ஆறிய பிறகும் சிலருக்கு வளர வளரக் கூன் கூடும் என்பதைக் கோவை டாக்டர் எஸ். ராஜசேகரன் 2001இல் விளக்கினார். அதனால் வளர்ச்சி நிற்கும்வரை எக்ஸ்ரே எடுத்துப் பார்க்க வேண்டும்.

எந்த அறுவையானாலும் மாத்திரையின் காலம் குறையாது. தையல் பிரித்து வலி போனதும் மாத்திரையை நிறுத்துகிறவர்கள்தான் திரும்பி வருகிறார்கள், சிலர் மருந்துக்குக் கட்டுப்படாத கிருமியோடு. ரிஃபாம்பிசின் என்ற காசநோய் மருந்தால் சிறுநீர் ஆரஞ்சு நிறமாகப் போனால் பயப்பட வேண்டாம். கண் மஞ்சளானால் உடனே வாருங்கள். நடை தள்ளாடினாலோ, சிறுநீர் அடைத்துக்கொண்டாலோ விடியும்வரை காத்திருக்காமல் அவசரப் பிரிவுக்குப் போய்விடுங்கள்.