வேகமாக ஓடுகிற பிள்ளையா, பேஸைப் பிடிக்கிற பிள்ளையா?

“ஏனுங்க சார், நம்ம பையன்தானுங்க ஸ்கூல்லயே வேகமா ஓடறவன்? அவனை எதுக்குங்க ஒன்பதாவதா போட்டீங்க?”

கொழிஞ்சாம்பாறைப் பக்கம் ஒரு மைதானத்தில் பேஸ்பால் பயிற்சி முடிந்து கிட் பையைக் கட்டிக்கொண்டிருந்தேன். ஓர் அப்பா வந்து கேட்டார். கோபம் இல்லை, வருத்தம்தான். விடியற்காலையில் மாடு கறந்து, சொசைட்டியில் பாலை ஊற்றிவிட்டு, மகன் ஆடுவதைப் பார்க்க நேராக மைதானத்துக்கு வந்தவர். பேட்டிங் வரிசையில் மகன் பெயர் கடைசியில் இருப்பதைப் பார்த்ததும் முகம் வாடிவிட்டது.

இந்தத் தமிழக-கேரள எல்லைப் பக்கத்தில் 17 வருடமாக பேஸ்பாலும், அதன் தங்கை மாதிரியான சாஃப்ட்பாலும் சொல்லிக்கொடுக்கிறேன். பாலக்காடு மாவட்டத்துச் சித்தூர் தாலுகாவில் வீட்டில் தமிழ் பேசி வளரும் பிள்ளைகள் நிறைய. கோபாலபுரம், மீனாட்சிபுரம் தாண்டி பொள்ளாச்சிப் பக்கமிருந்தும் சிலர் வருவார்கள். சிலருக்கு நான் ‘மாஷ்’ (மலையாளத்தில் வாத்தியார்), சிலருக்கு ‘சார்’. ஆனால் முதல் பேட்டராக யாரை இறக்குவது என்று கேட்டால் எல்லைக்கு இரண்டு பக்கமும் ஒரே பதில்தான் வரும்: நூறு மீட்டரில் ஜெயித்தவன். பெற்றோர் மட்டுமில்லை, பல உடற்கல்வி ஆசிரியர்களும் அப்படித்தான் வரிசை எழுதுகிறார்கள். நானும் பல வருடம் அப்படித்தான் எழுதினேன்.

இதற்குக் காரணம் நம் எல்லோருக்கும் இருக்கிற கிரிக்கெட் பழக்கம். கிரிக்கெட்டில் ஓப்பனர் புதுப் பந்தைச் சமாளிக்க வேண்டும். அவுட்டாகிவிட்டால் அந்த இன்னிங்ஸ் அவருக்கு முடிந்தது. பேஸ்பாலில் ஒன்பது பேர் வரிசை செக்கு மாதிரி சுற்றிக்கொண்டே இருக்கும். ஒன்பதாமவருக்குப் பிறகு மறுபடி முதலாமவர். மூன்று அவுட் ஆனால் எதிரணி பேட்டிங்குக்கு வரும். அடுத்த இன்னிங்ஸில் நம் வரிசை விட்ட இடத்திலிருந்து தொடரும். அதனால் முதல் பேட்டர் ஓர் இன்னிங்ஸைத் தொடங்கி வைப்பது நிச்சயமாக ஒரே ஒரு முறைதான். அதற்குப் பிறகு அவர் எப்போது வருவார் என்பது ஆட்டத்தின் போக்கு.

அப்படியானால் முதல் இடத்துக்கு என்ன மதிப்பு? ஒரு சின்னக் கணக்குப் போட்டால் புரிந்துவிடும். ஓடித் தொட வேண்டிய இடங்கள்தான் பேஸ்; மூன்று பேஸையும் தொட்டு, பேட் பிடித்த இடத்துக்கே திரும்பினால் ஒரு ரன். 7 இன்னிங்ஸ் ஆட்டம் என்றால் நமக்கு 21 அவுட். அன்றைக்கு 7 ரன் எடுத்தோம், 5 பேர் பேஸிலேயே நின்றுபோனார்கள் என்று வைத்துக்கொள்வோம். பேட்டைப் பிடித்து வந்தவர் ஒவ்வொருவரும் இந்த மூன்றில் ஒன்றாகத்தான் முடிவார்: அவுட்டாவார், ரன்னாவார், இல்லையென்றால் பேஸில் நின்றுபோவார். கூட்டினால் 33. ஒன்பது பேருக்குப் பிரித்தால் முதல் 6 பேருக்கு 4 வாய்ப்பு, கடைசி 3 பேருக்கு 3 வாய்ப்பு. அமெரிக்காவின் உச்ச பேஸ்பால் போட்டியான மேஜர் லீகில் ஓர் அணிக்கு சீசனுக்கு 162 ஆட்டம். அங்கே வரிசையில் ஓர் இடம் கீழே இறங்கினால் வருடத்துக்குச் சுமார் 18 வாய்ப்பு குறைகிறது.

முதல் இடத்தில் இருக்கிற பிள்ளைதான் அணியிலேயே அதிக முறை பேட்டைப் பிடிக்கும். நம் கையிருப்பு 21 அவுட்தான். அதிக முறை வருகிறவர் அந்தக் கையிருப்பைக் குறைவாகச் செலவு செய்கிறவராக இருக்க வேண்டும். பேஸை எப்படியாவது பிடிக்கிற பிள்ளை, அவ்வளவுதான் நான் தேடுவது.

எப்படியாவது என்றால், அடித்துத்தான் போக வேண்டும் என்றில்லை. பந்து வீசுகிற பிட்சர் நான்கு ‘பால்’ (பேட்டர் சுற்றாமல் விட்ட, எல்லைக்கு வெளியே போகிற கெட்ட பந்து) போட்டுவிட்டால் நடந்தே முதல் பேஸுக்குப் போகலாம். இந்த ‘வாக்’கை நம் ஊரில் யாரும் மதிப்பதில்லை. பள்ளி அளவில் பிட்சர்களின் கை ஆட்டம் முழுக்க ஒரே சீராக இருக்காது; பொறுத்து நிற்கத் தெரிந்த பிள்ளைக்கு வாக் கிடைத்துக்கொண்டே இருக்கும். ஆனால் நின்று பார்த்து நடந்து போகிற பிள்ளையைப் பார்த்து, “என்ன, சும்மா நின்னுட்டு வர்றே?” என்று சொந்த அணியே கிண்டல் செய்யும். அதைக் கேட்டுக் கேட்டே அந்தப் பிள்ளை அடுத்த முறை கண்டபடி சுற்றும். நல்ல கண்ணைக் கெடுப்பது இப்படித்தான்.

முதல் பேட்டர் என்றாலே ரிக்கி ஹெண்டர்சன் பெயரைத்தான் சொல்வார்கள். 2024 டிசம்பரில் காலமானார். 1982ஆம் ஆண்டு ஒரே சீசனில் 130 பேஸ் திருடியவர், அதாவது யாரும் பந்தை அடிக்காமலே அடுத்த பேஸுக்கு ஓடிப் பிடித்தவர்; மொத்தம் 1,406. ‘பாருங்கள், வேகம்தானே’ என்று இதைக் காட்டுவார்கள். அதே மனிதர் தன் வாழ்நாளில் 2,190 முறை வாக் வாங்கியிருக்கிறார். அவர் எடுத்த 2,295 ரன்னை மேஜர் லீகில் இன்னும் யாரும் தாண்டவில்லை. பேட்டுக்கு வந்த 10 முறையில் சராசரியாக 4 முறை பேஸைப் பிடித்தார். திருட முதலில் பேஸில் நிற்க வேண்டுமே!

பக்கத்திலேயே இன்னொருவரை வைத்துப் பாருங்கள். செயின்ட் லூயிஸ் கார்டினல்ஸ் அணியின் வின்ஸ் கோல்மன். 1986இல் 107 பேஸ் திருடினார். ஆனால் அந்த வருடம் அவர் பேஸைப் பிடித்தது 10க்கு 3 முறைதான். மீதி 7 முறை அந்தக் கால்களால் அணிக்கு ஒன்றும் ஆகவில்லை.

ஃபிலடெல்பியா ஃபில்லிஸ் அணியில் கைல் ஷ்வார்பர் என்று ஒருவர். கனத்த உடம்பு, ஓட்டக்காரர் என்று யாரும் சொல்ல மாட்டார்கள். 2023இல் அவரைப் பெரும்பாலும் முதல் இடத்தில்தான் இறக்கினார்கள். பேட்டிங் சராசரி .197 மட்டுமே; வாக்கைச் சேர்க்காமல் பார்த்தால், 10 முறையில் 2 முறைகூட அடித்துப் பேஸைப் பிடிக்கவில்லை. ஆனால் 126 வாக் வாங்கினார், 47 ஹோம்ரன் (கிரிக்கெட் சிக்ஸர் மாதிரி) அடித்தார். வாக்கையும் சேர்த்துப் பேஸைப் பிடித்த கணக்கு .343, 10க்கு மூன்றரை முறைக்குக் கொஞ்சம் குறைவு. அதாவது 1986இன் கோல்மனைவிட அதிக முறை பேஸைப் பிடித்திருக்கிறார்.

இனி என் தவறைச் சொல்கிறேன். சில வருடங்களுக்கு முன் ஒரு மாவட்டப் போட்டி. எங்கள் அணியில் ஒரு பையன் காற்றாய்ப் பறப்பான். அவனை முதலில் போட்டேன். போட்டதோடு, “நீ ஏறினாத்தான் நாம ஜெயிப்போம்” என்றும் சொல்லிவிட்டேன். ஒரு பதின்மூன்று வயதுப் பிள்ளையிடம் சொல்லக்கூடாத சொல். வந்த முதல் பந்தையே சுற்றினான், தலைக்கு மேல் போனதையும் சுற்றினான். நான்கு முறை வந்தான், நான்கு முறையும் அவுட். நான்காவது முறை திரும்பி வந்து ஹெல்மெட்டைக் கழற்றாமலே உட்கார்ந்திருந்தான். உள்ளே அழுகிறான் என்று எனக்குத் தெரியும். தோற்றது எனக்குப் பெரிதாகப் படவில்லை. அவன் அடுத்த வாரம் பயிற்சிக்கு வரவில்லை. அதுதான் இன்றைக்கும் உறுத்துகிறது. அவனுக்குத் தெரியாத வேலையை அவன் தலையில் வைத்தது நான்.

அதே அணியில் எட்டாவதாக ஒரு பெண் பிள்ளை இருந்தாள். ஓட்டத்தில் கடைசியாக வருவாள். ஆனால் பந்து பிட்சர் கையைவிட்டு வரும்போதே அது எங்கே போகும் என்று அவளுக்குத் தெரிந்துவிடும். கெட்ட பந்துக்கு பேட் அசையாது. இரண்டு ஸ்ட்ரைக் (சுற்றித் தவறிய பந்து, இல்லை விட்டுவிட்ட நல்ல பந்து; மூன்றானால் அவுட்) ஆனபிறகு நல்ல பந்துகளை ஃபவுலாக, அதாவது கோட்டுக்கு வெளியே, தட்டித் தட்டி பிட்சரைக் களைக்க வைப்பாள். போட்டி முடிந்து ஸ்கோர் ஷீட்டை வீட்டில் விரித்துப் பார்த்தபோதுதான், அன்றைக்கு அதிகமுறை பேஸைப் பிடித்தவள் அவள் என்பது எனக்கே தெரிந்தது.

அன்றைக்கு ஆரம்பித்த வழக்கம், ஒரு நாற்பது பக்க நோட்டு. ஒவ்வொரு பிள்ளைக்கும் ஒரு பக்கம். எத்தனை முறை பேட்டுக்கு வந்தது, எத்தனை முறை அடித்தோ, வாக் வாங்கியோ, உடம்பில் பந்து பட்டோ பேஸைப் பிடித்தது, இவ்வளவுதான் எழுதுகிறோம். ஃபீல்டர் பந்தைத் தவறவிட்டதால் பிழைத்தால் அதைச் சேர்ப்பதில்லை. பயிற்சி ஆட்டங்களையும் சேர்த்து 20, 30 முறை வந்தபிறகுதான் பேச வேண்டும். நான்கைந்து முறையை வைத்து ஒரு பிள்ளையை முடிவு செய்யாதீர்கள். நோட்டை எழுதுவதும் பிள்ளைகள்தான். எழுத எழுத வாக்கின் மதிப்பு அவர்களுக்கே தெரிகிறது, கிண்டலும் நின்றுபோனது.

கண்ணுக்கும் பயிற்சி உண்டு. பேட் இல்லாமல் பேட்டர் இடத்தில் நிற்க வைத்து, வருகிற பந்து பின்னால் இருக்கிற கேட்சர் கையில் விழும் முன் ‘பால்’, ‘ஸ்ட்ரைக்’ என்று உரக்கச் சொல்லச் சொல்வேன். தினம் பத்து நிமிடம் போதும். ஹெல்மெட் கட்டாயம். இன்னொன்றும் பாருங்கள்: ஆடிக்காற்றில் அம்மியும் பறக்கும் என்பார்களே, பாலக்காட்டுக் கணவாய்க்குள் நுழைந்து வருகிற அந்த மேற்குக் காற்றில்தான் நாங்கள் ஆடுகிறோம். எங்கள் பேட்டர்கள் மேற்குப் பார்த்து நிற்பார்கள். காற்றுக்கு எதிராகத் தூக்கி அடித்த பந்து நின்று, ஃபீல்டர் கையிலேயே இறங்கும். அந்த மாதங்களில் தாழ்வாகத் தட்டத் தெரிந்த, பொறுமையான பிள்ளைக்கு மதிப்பு இன்னும் கூடும்.

ஒரு விஷயத்தில் மட்டும் யாரும் விளையாட வேண்டாம். பந்து உடம்பில் பட்டால் பேஸ் கிடைக்கும் என்பதால், ‘கொஞ்சம் சாய்ந்து வாங்கிக்கோ’ என்று சொல்லிக்கொடுப்பதை நானே காதால் கேட்டிருக்கிறேன். தயவுசெய்து வேண்டாம். பேஸ்பால் விதிப்படி பேட்டர் விலக முயலவில்லை என்று அம்பயர் நினைத்தால் பேஸும் கிடைக்காது. 1920 ஆகஸ்டில் கிளீவ்லாந்தின் ரே சாப்மன் தலையில் பந்து பட்டு மறுநாள் இறந்துபோனார். அன்று ஹெல்மெட் வழக்கமில்லை. இன்று ஹெல்மெட் இருக்கிறது. ஆனாலும் கை எலும்பு, விலா எலும்புக்கு அதனால் என்ன பாதுகாப்பு? உள்ளே வருகிற பந்துக்கு முகத்தைக் காட்டாமல் முதுகுப்புறமாகத் திரும்பிக் குனிவதைத்தான் முதல் வாரத்திலேயே சொல்லித்தர வேண்டும்.

சரி, வேகமான பிள்ளையை என்ன செய்வது? பேஸைப் பிடிக்கிற கண்ணும் கால் வேகமும் ஒரே பிள்ளையிடம் இருந்தால் யோசிக்கவே வேண்டாம், முதல் இடம். இரண்டு பேர் நோட்டில் சமமாக இருந்தால் வேகமானவருக்கே கொடுங்கள். சாஃப்ட்பாலில் பந்து பிட்சர் கையைவிட்ட பிறகுதான் ரன்னர் பேஸைவிட்டுக் கிளம்பலாம். பேஸ்பால் போல முன்கூட்டியே நகர்ந்து நிற்க முடியாது. அதனால் அங்கே வேகத்தை எடை போடும்போது இதையும் பாருங்கள். வேகம் மட்டும் இருந்து கண் இன்னும் பழகாத பிள்ளைக்கு நான் கொடுப்பது ஒன்பதாவது இடம். வரிசை சுற்றி வருவதால் ஒன்பதுக்கு அடுத்தது ஒன்று. அந்தப் பிள்ளை பேஸைப் பிடித்துவிட்டால், அணியின் நல்ல பேட்டர்கள் வரும்போது முன்னால் வேகமான கால் காத்திருக்கும்.

மைதான ஓரத்தில் அந்த அப்பாவிடமும் இதைத்தான் சொன்னேன். சட்டைப் பையிலிருந்து சொசைட்டிச் சீட்டை எடுத்து, அதன் பின்பக்கம் 33ஐ ஒன்பதால் வகுத்துப் பார்த்தார்.

“அப்ப நம்ம பையன் மூணு தடவைதானுங்க வருவான்?”

“ஆமாங்க. இப்போதைக்கு. மாசா மாசம் நோட்டைப் பார்த்து மாத்துவேன்.”

போன மாதம் பையன் ஏழாவது இடத்துக்கு வந்திருக்கிறான். அப்பா வேலியோரம் நின்று பந்தை எண்ணுகிறார். மூன்று ‘பால்’ ஆனதும், “பொறு சாமி, பொறு” என்கிற சத்தம் எனக்கு இங்கே கேட்கிறது.