4கே டிவி வந்தாச்சு, 4கே படம் வருதா?

டிவி பெட்டி மேல 4கேன்னு பெருசா போட்டிருக்காங்கல்ல, அது பேனல்ல எத்தனை புள்ளி இருக்குங்கிற கணக்கு மட்டும்தான். அகலத்துல 3840, உயரத்துல 2160, பெருக்கினா சுமார் 83 லட்சம் பிக்சல், பழைய ஃபுல் எச்டியை விட சரியா 4 மடங்கு. அந்த 83 லட்சம் புள்ளிக்கும் உருப்படியான தகவல் வந்து சேருதாங்கிறது தனிக் கதை. நெட்டு, ஆப்பு, கேபிளு, டிவி செட்டிங்ஸு, நீங்க சோபாவை எங்க போட்டிருக்கீங்கங்கிறது வரைக்கும் அதுல சம்பந்தம் இருக்கு, இதுல ஒண்ணு சொதப்பினாலும் நீங்க பாக்குறது ஃபுல் எச்டிதான், என்ன, கொஞ்சம் காஸ்ட்லி ஃபுல் எச்டி.

முதல்ல கணக்கு போட்டுப் பாத்துருவோம். ஒவ்வொரு பிக்சலுக்கும் மூணு கலர், கலருக்கு 10 பிட், ஆக 30 பிட். ஒரு ஃப்ரேமுக்கு கிட்டத்தட்ட 25 கோடி பிட். சினிமாவுக்கு செகண்டுக்கு 24 ஃப்ரேம், அப்ப செகண்டுக்கு சுமார் 6 ஜிகாபிட். ரெண்டு மணி நேரப் படத்தை அப்படியே சேத்து வச்சா 5 டெராபைட்டைத் தாண்டிரும். ஆனா நெட்ஃபிளிக்ஸ் 4கேக்கு கேக்குறது வெறும் 15 எம்பிபிஎஸ் லைன், செகண்டுக்கு 15 மெகாபிட் (1000 மெகாபிட் சேந்தாதான் ஒரு ஜிகாபிட்). அதாவது 400ல ஒரு பங்குதான் உங்க வீட்டுக்கு வருது, மிச்சமெல்லாம் அனுப்புறதுக்கு முன்னாடியே சுருக்கிக் காலி பண்ணிடுறாங்க.

இப்படிச் சுருக்குறப்ப முதல்ல கை வைக்கிறது கலர்ல. நம்ம கண்ணு வெளிச்ச வித்தியாசத்தை நுணுக்கமா பிடிக்கும், கலர் வித்தியாசத்துல அவ்ளோ கெட்டி கிடையாது. அதனால வெளிச்சத்தை ஒவ்வொரு பிக்சலுக்கும் வச்சுக்கிட்டு, கலரை மட்டும் நாலு பிக்சல் கொண்ட சதுரத்துக்கு ஒண்ணுன்னு வச்சிடுறாங்க. ஆப்ல வர்ற படமா இருந்தாலும் சரி, காசு கொடுத்து வாங்குற ப்ளூரே டிஸ்க்கா இருந்தாலும் சரி, 4கே படத்துல கலரோட ரெசல்யூஷன் 1920க்கு 1080தான். யாருக்கும் தெரியறதில்ல, தெரியவும் வேணாம்.

அடுத்தது எச்இவிசி, ஏவி1 மாதிரி கோடெக்குங்க, அதாவது வீடியோவைச் சுருக்கி விரிக்கிற முறைங்க, பண்ற வேலை. ஒரு ஃப்ரேமை முழுசா அனுப்பிட்டு, அடுத்த ஃப்ரேம்ல எது மாறியிருக்கோ அதை மட்டும் அனுப்பும், மெஸ் போர்டுல "நேத்து மெனுதான், பொரியல் மட்டும் மாத்தம்"னு எழுதுற மாதிரி. எச்இவிசி படத்தை அதிகபட்சம் 64க்கு 64 பிக்சல் கட்டங்களா வெட்டிக்கும். இந்தக் கட்டம் போன ஃப்ரேம்ல எங்க இருந்துச்சு, எவ்ளோ தூரம் நகந்திருக்குன்னு தேடிப் பிடிச்சு, அந்த நகர்வையும் மிச்சமிருக்கிற சின்ன வித்தியாசத்தையும் மட்டும் குறிச்சு வைக்கும். ரெண்டு பேர் உக்காந்து பேசுற சீன்னா சுவரு நகராது, மேசை நகராது, அதனால 15 எம்பிபிஎஸ் தாராளம். மழை, புகை, கலர் காகிதம் பறக்குற பாட்டு சீன் எல்லாம் வந்தாதான் திண்டாட்டம், ஒவ்வொரு துளியும் புதுசு, போன ஃப்ரேம்ல இருந்து கடன் வாங்க ஒண்ணுமே இல்ல. அந்த நேரத்துல கோடெக் நுணுக்கத்தை எல்லாம் தூக்கிப் போட்டுடும், மழை பஞ்சு மாதிரி ஆயிடும். இருட்டு சீன்ல நைட் வானத்தைக் கவனிச்சுப் பாருங்க, கருநீலம் மெதுவா கறுப்பா மாறுறதுக்குப் பதிலா வளையம் வளையமா படிக்கட்டு மாதிரி தெரியும். கலருக்கு 8 பிட்டுன்னா 256 படிதான், 10 பிட்டுன்னா 1024 படி, ஆனா பிட்ரேட், அதாவது செகண்டுக்கு வர்ற தகவல் அளவு, பத்தலைன்னா 10 பிட்லயும் அந்த வளையம் எட்டிப் பாக்கும்.

4கே ப்ளூரே டிஸ்க் இங்கதான் ஜெயிக்குது, 100 ஜிபி வரைக்கும் இடம், வேகம் 128 எம்பிபிஎஸ் வரைக்கும் போகலாம். அதே டிஸ்க் ஃபைலை ஹார்டு டிஸ்க்ல போட்டு வீட்டு நெட்வொர்க் வழியா ஓட்டுறவங்களுக்கு ஒரு வேடிக்கை காத்திருக்கு. நிறைய 4கே டிவில பின்னாடி இருக்கிற லேன் போர்ட் 100 எம்பிபிஎஸ்தான், ஒயர் போட்டா நல்லதுன்னு நம்பி ஒயர் போட்டா சண்டை சீன்ல திக்கும், கழட்டிட்டு 5 கிகாஹெர்ட்ஸ் வைஃபைல விட்டா ஸ்மூத்தா ஓடும்!

இப்ப சோபாவுக்கு வருவோம், இதைத்தான் யாரும் கண்டுக்கிறதே இல்ல. நல்ல பார்வை இருக்கிற கண்ணால பிரிச்சுப் பாக்க முடியுற மிகச் சின்ன கோணம் ஏறத்தாழ ஒரு டிகிரில 60ல ஒரு பங்கு. 55 இஞ்ச் 4கே டிவில ஒரு பிக்சல் 0.32 மில்லிமீட்டர். கணக்கு பண்ணிப் பாத்தா, ஃபுல் எச்டி பிக்சலே கண்ணுக்குப் பிரியாம போற தூரம் சுமார் 7 அடி. அதாவது 55 இஞ்ச் டிவியை 10 அடி தள்ளி உக்காந்து பாத்தீங்கன்னா கூடுதல் பிக்சல் எல்லாம் வீண், 10 அடிக்கு வித்தியாசம் தெரிய ஆரம்பிக்கவே 77 இஞ்ச் கிட்ட வேணும். அப்ப ஏன் 4கே படம் அவ்ளோ தூரத்துலயும் நல்லா இருக்கிற மாதிரி தெரியுதுன்னா, பெரும்பாலும் அது பிக்சலால இல்ல, கூடவே வர்ற அதிக பிட்ரேட்டாலயும், வெளிச்சத்தையும் இருட்டையும் இன்னும் பெரிய வித்தியாசத்தோட காட்டுற எச்டிஆராலயும்தான். போதாக்குறைக்கு கிராபிக்ஸ் நிறைஞ்ச நிறைய ஹாலிவுட் படங்களை ஸ்டுடியோலயே 2கேல, அதாவது கிட்டத்தட்ட ஃபுல் எச்டி அளவுல, முடிச்சிட்டு அப்புறம்தான் 4கேயா பெருசாக்கினாங்க.

எச்டிஆர்ங்கிறது வெளிச்சத்தோட கதை. இதுல பயன்படுற பிக்யூங்கிற கணக்குல 10,000 நிட்ஸ் (திரை வெளிச்சத்தை அளக்குற அலகு) வரைக்கும் வெளிச்சத்தைக் குறிக்கலாம். விலை கம்மியான டிவி பல நேரம் 300 நிட்ஸ் பக்கம்தான் நிக்கும், அதுவும் திரையைப் பகுதி பகுதியா மங்க வைக்கிற லோக்கல் டிம்மிங் இல்லைன்னா சிக்னலை வாங்கிக்கும், மூலைல எச்டிஆர்னு லோகோ காட்டும், படத்தை மட்டும் மங்கலா போடும். அப்படிப்பட்ட டிவில எச்டிஆரை ஆஃப் பண்ணிட்டுப் பாத்தா நல்லா இருக்குன்னு சொல்றவங்களைத் தப்பு சொல்ல முடியாது.

கேபிள். டிவில உள்ள ஆப்லயே படம் பாக்குறீங்கன்னா படத்துக்கு எச்டிஎம்ஐ கேபிளே தேவையில்ல, டிகோடிங் எல்லாம் டிவிக்குள்ளயே நடந்துருது. தனி பாக்ஸ், பிளேயர், கேம் கன்சோல் வச்சிருந்தாதான் இந்தப் பேச்சே. பாக்ஸ் படத்தை விரிச்சு, சுருக்காம கேபிள்ல தள்ளுது, அதனால இங்க வேகம் எம்பிபிஎஸ்ல இல்ல ஜிகாபிட்ல. 4கே 24 ஃப்ரேம் 10 பிட்டுக்கு, ஃப்ரேமுக்கு நடுவுல வர்ற காலி நேரம், சிக்னல் குறியீட்டுச் செலவு எல்லாம் சேத்து சுமார் 11 ஜிகாபிட், எச்டிஎம்ஐ 2.0 தாங்குற 18க்குள்ள வந்துரும். 60 ஃப்ரேம்னா 8 பிட்டுக்கே 18ஐ தொட்டுடும், 10 பிட்னா கலரைக் குறைச்சுதான் அனுப்பணும். 2.1ல 48 ஜிகாபிட் வரைக்கும் இடம் இருக்கு. இது டிஜிட்டல் சிக்னல், தங்க முலாம் பூசினா கலர் ஒண்ணும் கூடிடாது, கேபிள் திணறினா திரைல வெள்ளைப் பொறி பறக்கும் இல்ல ரெண்டு செகண்ட் கறுப்பாகித் திரும்ப வரும், அவ்ளோதான். அல்ட்ரா ஹை ஸ்பீட்னு சான்று லேபிள் ஒட்டின 2 மீட்டர் கேபிள் போதும், ஷோரூம்ல அதுக்கு மேல தலைல கட்டுறதை வாங்காதீங்க. புரொஜக்டருக்கு 10 மீட்டர் இழுக்கணும்னா ஆப்டிகல் எச்டிஎம்ஐ வாங்குங்க, அதுல எந்த முனை பாக்ஸுக்கு எந்த முனை திரைக்குன்னு எழுதியிருக்கும், சுவத்துக்குள்ள பைப்ல நுழைக்கிறதுக்கு முன்னாடி அதைப் படிச்சிருங்க, ஏன்னா திருப்பிப் போட்டா படமே வராது.

கேபிள் சரியா இருந்தும் வரலைன்னா ரெண்டு இடத்துல பாருங்க. நிறைய டிவில எச்டிஎம்ஐ போர்ட் முழு வேகத்துக்குத் திறந்திருக்காது, சாம்சங்ல இன்புட் சிக்னல் பிளஸ், சோனில என்ஹான்ஸ்டு ஃபார்மட், எல்ஜில டீப் கலர்னு ஒளிஞ்சிருக்கும், ஆன் பண்ணணும். இன்னொண்ணு திருட்டுத் தடுப்புக்கான எச்டிசிபி 2.2, பாக்ஸுக்கும் டிவிக்கும் நடுவுல ஸ்பீக்கருக்காக வச்ச பழைய ஏவி ரிசீவர் ஒண்ணு இதைப் புரிஞ்சுக்கலைன்னா மொத்தமும் 1080க்கு இறங்கிடும் இல்ல கறுப்புத் திரைதான்.

அப்புறம் இந்த 24ங்கிற எண்ணு. பாக்ஸ் எப்பவும் 60லயே அனுப்பினா 24ஐ 60ல சமமா பிரிக்க முடியாது, ஒரு ஃப்ரேம் மூணு தடவை, அடுத்தது ரெண்டு தடவைன்னு காட்டும், 50 மில்லிசெகண்ட், 33 மில்லிசெகண்ட்னு மாறி மாறி. கேமரா மெதுவா ஒரு கட்டடத்தைத் தடவிட்டுப் போற ஷாட்ல சன்னமா நொண்டுறது கண்ணுல படும். ஆப்பிள் டிவில மேட்ச் கன்டென்ட் மாதிரி செட்டிங் இருக்கு, அதைப் போட்டா பாக்ஸ் 24லயே அனுப்பும், 120 ஹெர்ட்ஸ் பேனல் ஒவ்வொண்ணையும் அஞ்சு தடவை சமமா காட்டும். ஆனா ஃப்ரேமுக்கு நடுவுல டிவியே புது ஃப்ரேமை உருவாக்கிச் சொருகுற மோஷன் ஸ்மூத்திங்கை மட்டும் ஆன் பண்ணிடாதீங்க, கோடி கோடியா கொட்டி எடுத்த படம் சீரியல் மாதிரி ஆயிடும்.

சவுண்டுக்கு வந்தா, டிவில இருந்து சவுண்ட்பாருக்கு எச்டிஎம்ஐ கேபிள் வழியாவே சத்தம் போற ஏஆர்சி குறுகலான பாதை, ஈஏஆர்சி அகலமானது, 37 எம்பிபிஎஸ் வரைக்கும் போகும். டிவில மாட்டின பிளேயர்ல ஓடுற டிஸ்க்கோட தரம் குறையாம சுருக்கின ட்ரூஎச்டி அட்மாஸ் (தலைக்கு மேல இருந்தும் சுத்தியும் சத்தம் வர்ற மாதிரி பண்ற டால்பி முறை) சவுண்ட்பாருக்குப் போகணும்னா ஈஏஆர்சி வேணும். ஆப்ல வர்ற அட்மாஸ் தரத்தைக் குறைச்சு சுருக்கினதுதான், டால்பி டிஜிட்டல் பிளஸ்ல வருது, அது சாதா ஏஆர்சிலயே போயிடும், டிஸ்க் வாங்குற ஆள் இல்லைன்னா இதுக்காக டிவியை மாத்தணும்னு யாராவது சொன்னா கேக்காதீங்க.