ஆன்டிபயாட்டிக்: எதிர்ப்பதா, கொல்வதா?

திருவல்லிக்கேணி மருந்துக் கடையில் 'ஆன்டிபயாட்டிக்' என்றால் எல்லாருக்கும் தெரியும். மதுராந்தகம் பக்கத்து நெல்வயலில் அதே பொருள் தெளிக்கப்பட்டால் அது வெறும் 'மருந்து'. பூச்சிக்கு அடிப்பதும் மருந்து, பூஞ்சைக்கு அடிப்பதும் மருந்து. சிக்கல் இங்கேதான் தொடங்குகிறது.

கிரேக்கத்தில் 'ஆன்டி' எதிர், 'பயோஸ்' உயிர். ஒரு நுண்ணுயிர் சுரந்து இன்னொன்றை அடக்கும் பொருளுக்கு இப்பெயரை நிலைநிறுத்தியவர் நுண்ணுயிரியலாளர் செல்மன் வாக்ஸ்மன். 1943இல் அவருடைய ஆய்வகத்தில் ஆல்பர்ட் ஷாட்ஸ் பிரித்தெடுத்த ஸ்ட்ரெப்டோமைசின், மண்ணில் வாழும் ஓர் உயிரி சுரப்பது.

தமிழில் 'நுண்ணுயிர்க்கொல்லி' பரவலாக வழங்குகிறது. எனக்கு அதில் இரண்டு மனத்தாங்கல். வைரஸும் நுண்ணுயிர்தான், அதை இது தொடாது. டெட்ராசைக்ளின் என்னும் ஆன்டிபயாட்டிக் பொதுவாகக் கொல்வதுமில்லை, பெருகவிடாமல் நிறுத்துகிறது. 'பாக்டீரியா எதிர்ப்பொருள்' என்றால் இரண்டும் தீரும். அயற்சொல் கலந்திருக்கிறதே என்று முகம் சுளிப்பவர்கள் சுளிக்கட்டும்.

நெல்லில் பாக்டீரியா இலைக்கருகல் நோய்க்கு ஸ்ட்ரெப்டோமைசினும் டெட்ராசைக்ளினும் கலந்த பொடியைத் தெளிப்பதுண்டு. வேளாண்மையில் இவ்விரண்டுக்கும் தடை விதிக்க 2021 டிசம்பரில் மத்திய அரசு வரைவு ஆணை வெளியிட்டது. இரண்டும் பாக்டீரியாவின் உயிரணுவுக்குள் புரதம் ஆக்கும் நுண்ணுறுப்பான ரைபோசோமைப் பிடித்து அந்த வேலையை முடக்குகின்றன. வயல்நீரில் காற்றின் நைட்ரஜனை நிலைநிறுத்தும் நீலப்பச்சைப்பாசிக்கும் அதே வகை ரைபோசோம்தான். பெயர்தான் பாசி, பிறப்பில் அது பாக்டீரியா. நெல்வயலுக்கு அதனால் நைட்ரஜன் சேர்கிறது என்று ஆய்வாளர் பி.கே. டே 1939இலேயே காட்டிவிட்டார். உண்மையான பச்சைப்பாசியும் முழுக்கத் தப்புவதில்லை. ஒளியில் உணவு ஆக்கும் அதன் பச்சை உறுப்பான பசுங்கணிகம் பழைய நீலப்பச்சை உயிரியின் வழிவந்தது என்பதால் அங்கும் அந்த ரைபோசோமே. யூக்ளினா என்னும் பச்சை நிற ஒருசெல் உயிரியை ஸ்ட்ரெப்டோமைசினில் வளர்த்தால் பச்சையே போய் வெளுத்துவிடும். களிமண் ஸ்ட்ரெப்டோமைசினைப் பற்றிக்கொள்வதால் வயலில் பாதிப்பு எங்கும் ஒரே அளவில் இராது.

'பாசி' நல்ல பழஞ்சொல். ஊருணியில் தொட்டால் விலகி விட்டால் பரவும் பாசியைப் பசலைக்கு உவமை சொல்கிறது குறுந்தொகை 399. அதைப் பேச்சிலிருந்து விரட்ட வேண்டாம். சென்னைப் பல்கலைக்கழகத்தின் டி.வி. தேசிகாச்சாரி 1959இல் நீலப்பச்சைப்பாசி பற்றி எழுதிய பெருநூலின் பெயரே 'சயனோஃபைட்டா', அதாவது நீலத் தாவரங்கள். அறிஞர்களே செடியாக எண்ணியிருந்த ஒன்றை உழவர் பாசி என்பதில் பிழையில்லை. தெளிப்புப் பொட்டலத்தில் மட்டும் 'நீலப்பச்சை பாக்டீரியாவையும் தாக்கும்' என்று ஒரு வரி சேர்த்து அச்சிடலாம்.